புகார் கொடுத்தது நான்தான்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு மாட்டுத்தீவன மில்லில் எனக்கு வேலை. நிரம்பி வரும் மூட்டைகளின் வாயைத் தைப்பேன். கைக்கெட்டும் தூரத்தில் மக்காச்சோளம் அரைக்கும் மெஷின் ஓடும். அதன் பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய கம்பிவலை எப்போதோ கழன்றுபோய், மேனேஜர் அறை வாசலில் செருப்பு விடும் தட்டாகக் கிடந்தது.

ஒருநாள் நான் குனிந்தபோது தலையில் கட்டியிருந்த துண்டை அந்தப் பெல்ட் இழுத்துக்கொண்டது. முடிச்சு தளர்வாக இருந்ததால் துண்டோடு போயிற்று. நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"துண்டு கட்டாம வாம்மா" என்றார்.

"தலையெல்லாம் தூசி விழுதுங்க சார்."

"அப்ப சின்னத் துண்டா கட்டிக்க."

அடுத்த லீவு நாளில், தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி, தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போனேன். ஆய்வாளர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

"யார் சொன்னாங்கன்னு நாங்க சொல்லக் கூடாதும்மா. புகார் வந்ததாலதான் வந்தோம்னுகூடச் சொல்லக் கூடாது. சட்டமே அப்படித்தான் இருக்கு. அதையும் மீறி உங்களப் பழிவாங்குனா அதுக்கும் வழி இருக்கு. தைரியமாப் போங்க."

சில நாள் கழித்து மில் வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்த ஆய்வாளரம்மா இறங்கினார். புகாரின் பேரில் வந்தது தெரியக் கூடாது அல்லவா? அந்தம்மா பெல்ட் இருக்கும் பக்கமே வரவில்லை. கக்கூசைப் பார்த்தார். குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்; அதில் மேனேஜரின் சீப்பும் ஒரு ஊறுகாய்ப் பாக்கெட்டும் இருந்தன. இப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்ற பதற்றத்தில், நான் என் சட்டை நுனியையும் மூட்டை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

கடைசியில் என் பக்கம் வந்தார். எழுந்து வணக்கம் சொல்ல முடியவில்லை, மூட்டை விடவில்லை.

"உங்க பேரு என்னம்மா?" என்றார், என்னை முன்பின் பார்த்தே அறியாத முகத்தோடு. நடிப்பில் என்னைவிட எவ்வளவோ மேல். பிறகு தற்செயலாகத் திரும்புவது போலத் திரும்பி, "அட, இந்தப் பெல்ட்டுக்கு மூடி எங்க?" என்றார்.

"ரிப்பேருக்குப் போயிருக்குங்க மேடம்" என்றார் மேனேஜர்.

அந்தம்மா மேனேஜர் அறை வாசலில் தன் செருப்பைக் கழற்றி விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். மெஷினை அப்போதே நிறுத்தினார்கள்.

புறப்படுமுன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பொதுவாகச் சொன்னார்: "வேலை செய்யற எடத்துல ஆபத்து இருந்தா யார் வேணும்னாலும் எங்ககிட்ட சொல்லலாம். சொன்னதுக்காக யாரையும் வேலைய விட்டு எடுக்கக் கூடாது."

மறுநாள் காலை மேனேஜர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் போனவர் வாட்ச்மேன். பகலிலேயே தூங்குகிறார் என்று அவரை அந்த மாதமே நிறுத்துவதாகப் பேச்சு. அவர் உள்ளே போய் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தாங்க சார் சொன்னேன். இனிமே என்னை நிறுத்தினா பழிவாங்கறதா ஆயிடும்" என்றாராம். வெளியே வந்து எங்களிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

அவ்வளவுதான். அடுத்துப் போன லோடுமேனும் "நான்தான்" என்றார். தினமும் லேட்டாக வரும் கணக்குப்பிள்ளை, "நானும் லோடுமேனும் சேர்ந்துதான் போனோம்" என்றார். கூட்டிப் பெருக்கும் அக்கா, தான் ரெண்டு தடவை போனதாகச் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் நான். பேர் வாங்குவது இவர்களா? என் முறை வந்ததும் பயம் எங்கோ போய்விட்டது. "சார், சத்தியமா நான்தான் புகார் குடுத்தேன்" என்றேன்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீயுமா? போம்மா, போய் வேலையப் பாரு. ஒனக்கு அந்த ஆபீஸுக்கு எந்தப் பஸ்ஸுல போவணும்னாவது தெரியுமா?"

பஸ் ரூட்டைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதன் பிறகு விசாரணை நின்றுபோனது. பெல்ட்டுக்குப் புதிதாகக் கம்பிவலை போட்டு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது வாட்ச்மேன் தன் வீரக்கதையை மறுபடி ஆரம்பித்தார். "ஆபீஸு மாடியில இருக்கு. படியேறிப் போனேனா, அந்தம்மா எந்திரிச்சு நின்னு..."

"மாடியில்லண்ணே, கீழதான்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பார்த்தேன். பெருக்கும் அக்கா தன் ஆம்லெட்டில் பாதியைப் பிய்த்து என் டிபன் மூடியில் வைத்தார்.

வாட்ச்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா, கீழதான்" என்றார். "படி எறங்கித்தான் போனேன்."