பத்துக்கு எட்டு பேனர்ல எங்கப்பா

திண்டிவனத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் பண்றது என் வேலை. விழுப்புரத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் போனப்ப முதல்ல சொல்லித் தந்தது இதுதான்: எது முக்கியமோ அது பெருசா இருக்கணும், சுத்தி இடம் காலியா விடணும், அப்பத்தான் கண்ணு நேரா அங்க போவும். இத்தன வருஷத்துல ஒரு ஆளு கூட அந்தக் காலி இடத்த விட்டு வெச்சதில்ல. சும்மாதான கெடக்குது, மச்சான் போட்டோவப் போடும்மான்னுவாங்க. காதுகுத்து பேனர்ல கொழந்தையத் தேடிக் கண்டுபுடிக்கணும், அவ்ளோ மாமனுங்க. கத்திக் கத்தியே என் தொண்ட வத்திப்போச்சு.

எங்கப்பா செத்த அன்னிக்குக் காலைல, நீயே இருக்கச்சொல்ல வேற ஆளு எதுக்குன்னு பெரியப்பா என்னையே அஞ்சலி பேனர் அடிக்கச் சொன்னாரு. அழுதுக்கினே கடைக்குப் போனேன். மல்லாட்டை, அதான் வேர்க்கடல, புடுங்கின அன்னிக்குக் கொல்லையில நான் எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. தலையில துண்டு, வாயெல்லாம் சிரிப்பு. பத்துக்கு எட்டு அடி பேனர்ல அத மட்டும் பெருசா வெச்சேன். கீழ பேரு, தேதி, அவ்ளோதான். என் ஜென்மத்துல நான் பண்ணின ஒரே உருப்படியான டிசைன் அது.

வாட்ஸ்அப்ல அனுப்பின மறு நிமிஷம் பெரியப்பா போன் பண்ணாரு. செத்தவரு சிரிக்கக் கூடாதாம், துண்டும் கூடாதாம். கர்மம்னு ஆதார் கார்டு போட்டோவ எடுத்து வெள்ளச் சட்ட மாட்டினேன். அது பெருசாக்கினா மங்கிப் போவுதுன்னு சின்னதா வெச்சேன். சுத்தி இடம் கெடைச்சிடுச்சுல்ல, கண்டாச்சிபுரத்துச் சித்தப்பா படம் போடலன்னா அவரு வாசப்படி மிதிக்க மாட்டாராம். அவரப் போட்டா அத்த வீட்டுக்காரரு, அவரப் போட்டா அவரு புள்ளைங்க. ஒவ்வொரு ஆளுக்கும் அப்பாவ இன்னும் கொஞ்சம் சுருக்கினேன். ஊரான் பேனருக்கெல்லாம் எத்தன சண்ட போட்டிருக்கேன், சொந்த அப்பனுக்கு வாயத் தொறக்கல. சாவு வீட்டுல ரகள எதுக்குன்னு விட்டுத் தொலச்சேன். அந்தக் கோவம் இன்னிக்கும் பெரியப்பா மேல பாதி, என் மேல பாதி.

வாசல்ல, பந்தலுக்குப் பக்கத்துலயே பேனரக் கட்டினாங்க. வந்தவங்க அவங்கவங்க மொகத்த அவங்கவங்க போன்ல புடிச்சிக்கினாங்க. ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்திருந்த அம்மா தலையத் தூக்கி, ஒவ்வொரு மொகமா ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் என் கையப் புடிச்சாங்க.

"இதுல உங்கப்பா எங்கடி?"

எழுந்து போயி விரல வெச்சுக் காட்டினேன்.