லேபிள் விழுந்த திருக்கை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் விலங்கியல் ஆசிரியர் ஆரோக்கியசாமி ஸ்டாஃப் ரூமில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். எங்கள் கல்லூரியில் ஒருவர் டீயை வேண்டாம் என்றால் விஷயம் பெரிசு!

ஒரு கடிதத்தை நீட்டினார். கல்கத்தாவிலிருந்து ஒரு மீன் விஞ்ஞானி எழுதியிருந்தார். பாதுகாக்க வேண்டிய மீன்களின் பட்டியல் ஒன்று தயாராகிறதாம். நீங்கள் எழுதியிருந்த ஆழ்கடல் திருக்கையை உடனே அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா காத்திருந்த லெட்டர் சார். இப்பப் போய்ப் பாத்தா ஜாடியைக் காணோம்."

எந்த ஜாடி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் அவருடைய மச்சான் வீடு. ஒரு லீவுக்குப் போனபோது, விசைப்படகுக்காரர்கள் விலை போகாது என்று ஒதுக்கிக் கொட்டிய குவியலில் இது கிடந்திருக்கிறது. நீண்ட மூக்கு, வாலில் வரிசையாக முள். நாம் குழம்பு வைக்கிற திருக்கை குட்டி போடும். இந்த வகை முட்டை இடுமாம். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. நிறைய இருக்கிறதா, தீர்ந்துகொண்டு வருகிறதா? மீனவர்களுக்கும் தெரியாது, புத்தகத்திலும் இல்லை. அதை வாளியில் போட்டு, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார் மனிதர். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் தஞ்சாவூரில் இறக்கிவிட, அடுத்த பஸ் பிடித்து வந்தாராம்!

சரி, எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். வருஷ முடிவில் ஒரு துறையின் சாமான்களை இன்னொரு துறைக்காரர் சரிபார்க்க வேண்டும். சொந்தத் துறை என்றால் மழுப்பிவிடுவோமாம். அதனால் சரித்திர வாத்தியாரான நான் தவளையை எண்ணுவேன். கெமிஸ்ட்ரிக்காரர் என் மேப்புகளை எண்ணுவார். போன வருஷம் விலங்கியல் என் தலையில் விழுந்தது. ஆரோக்கியசாமி அப்போது ஏதோ பயிற்சிக்காக மெட்ராஸில் இருந்தார். மே மாத வெயில், ஃபார்மலின் நெடி, கண்ணெல்லாம் எரிச்சல்... கடைசி அலமாரியில் ஒரு ஜாடி. லேபிள் எப்போதோ கழன்று விழுந்திருந்தது.

"இது என்னப்பா?" என்றேன் அட்டெண்டர் செல்வராஜிடம்.

"ஏதோ திருக்கைங்க. சார் வந்ததும் கேட்டுக்கலாங்க."

கேட்டிருக்கலாம்தான். ஆனால் நாலரை மணிக்கு ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ். அதை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. 'பெயர் இல்லை, உதவாது, கண்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டம் செய்ததை, அதாவது உதவாது என்று கழித்ததை, லேபுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிடச் சொல்லிவிட்டு ஓடினேன். அன்றைக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

"நான்தான் சார் அதைக் கண்டம்னு எழுதினது," என்றேன் ஆரோக்கியசாமியிடம். மறைக்கத் தெம்பில்லை.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பேரை எழுதி உள்ளயே போட்டிருக்கணும் சார். வெளில ஒட்டினது என் தப்பு," என்றார்.

நாலு திட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் செல்வராஜை வைத்துத் தோண்டிப் பார்த்தோம். உடைந்த ஜாடிக் கண்ணாடி கிடைத்தது. மீன் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் எழுதி என்னிடம் காட்டினார். 'மீன் தற்போது கைவசம் இல்லை. அதன் நிலையைச் சொல்லப் போதிய விவரம் இல்லை.' அவ்வளவுதான். என் பெயர் எங்கேயும் இல்லை.

"இப்படி எழுதினா பட்டியல்ல என்ன சார் ஆகும்?"

"கடைசிப் பக்கத்துல போட்டுடுவாங்க. காப்பாத்தணும்னும் சொல்ல மாட்டாங்க, வேண்டாம்னும் சொல்ல மாட்டாங்க. படகுக்காரங்க வலையைப் போட்டுக்கிட்டே இருப்பாங்க."

பழசைப் போற்ற வேண்டும் என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். எனக்குத் தெரியாத ஒன்றை உதவாது என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அலுப்பாக இருக்கிறது — என்னை நினைத்துத்தான்.

அந்தக் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. விவரம் போதாமல் இல்லை, ஒரு ஜாடி நிறைய இருந்தது... நான்தான் புதைக்கச் சொன்னேன்.