அதே பெட்ஷீட்தானுங்களே

தடயவியல் ஆய்வகத்தில் நான் பார்ப்பது நார், நூல், துணி. கோவை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறும்போதெல்லாம் அரசு வழக்கறிஞர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு ‘தான்’. அறிக்கையில் ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதியிருப்பேன். என் வாயிலிருந்து ‘அதேதான்’ என்று வாங்கப் பார்ப்பார்கள். பல வருடம் நானும் தலையாட்டியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிணத்துக்கடவுப் பக்கம் தோப்பு வீட்டில் தனியாக இருந்த ஒருவரை யாரோ கொன்றுவிட்டார்கள். அங்கே தேங்காய் பறிக்க வந்துபோனவர் மீது வழக்கு. நீதிமன்றத் தமிழில் அவருக்கு ‘எதிரி’ என்று பெயர். யாருக்கு எதிரி என்று எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அவர் சட்டையில் ஒட்டியிருந்த நீல நூலும், செத்தவர் கட்டிலில் கிடந்த சென்னிமலைப் பெட்ஷீட்டின் நூலும் ஒன்றுபோல இருந்தன. அதை விட்டால் வழக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. நீதிபதி அந்த நூலை நம்பினால் அவருக்கு ஆயுள் தண்டனை.

“அதே பெட்ஷீட்தானுங்களே மேடம்?” என்றார் அரசு வழக்கறிஞர்.

“ஒத்துப்போகுதுங்க.”

“அப்ப அதேதானுங்களே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்.

“ஐயா, அபூர்வமான நூலா இருந்தா இது பெரிய விஷயமுங்க. இந்த நீலம் எத்தனை ஊட்ல இருக்குதுன்னு யாரும் எண்ணிப் பாக்கலீங்க. எங்க ஊட்டுக் கட்டில்லயே ஒண்ணு கெடக்குதுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னார். அதற்கப்புறம் அரசு வழக்கறிஞர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வெளியே வராண்டாவில் தேங்காய் பறிப்பவரின் மனைவி ஓடி வந்தார்.

“ஏனுங்க, எங்கூட்டுக்காரரு செய்யலைன்னு சொல்லிப்போட்டீங்களா?”

“இல்லீங்க அம்மணி. அதையும் நான் சொல்லலீங்க. அந்த நூல வெச்சு ரெண்டுமே சொல்ல முடியாதுங்க.”

அவர் முகம் வாடிப்போனது. “அப்ப எங்கூட்டுப் பெட்ஷீட்டக் கொண்டாந்தா சொல்ல முடியுங்களா? அதுவும் இதே நீலமுங்க. மொத நாளே போலீசுகிட்டக் காட்டுனேனுங்க. இது எதுக்குன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க.”

ஆய்வகத்துக்கு வந்த பொட்டலத்தில் செத்தவருடைய ஒரே ஒரு பெட்ஷீட்தான் இருந்தது. தேங்காய் பறிப்பவர் தன் வீட்டில் எதைப் போர்த்திப் படுப்பார் என்று, அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.