முன்னால் சாயும் நாற்காலி

ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடமாகக் குஷன் வேலை பார்த்தவர் அவர். அங்கே செய்வதெல்லாம் சாதாரண சோபா அல்ல. அலை மாதிரி வளைந்தது, கூழாங்கல் மாதிரி உருண்டது, பாதி திறந்த சிப்பி மாதிரி ஆளையே விழுங்குவது. வாங்க வருகிறவர்கள் ஒருமுறை சாய்ந்துவிட்டு, "எழுந்திரிக்கவே மனசு வரலையே!" என்பார்கள். அந்தச் சுகம் அத்தனையும் குஷன்காரரின் கைவேலை. அவர் வீட்டிலோ இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஊரில் நடக்காததா என்ன!

அவர் மனைவிக்கு இதயம் பலவீனம். படுத்தால் மூச்சு முட்டும். "உட்கார்ந்த மாதிரியே தூங்கணும். தூக்கம் இல்லேன்னா உடம்பு தாங்காது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலையணைகளை அடுக்கினால் சரிந்தன. சுவரில் சாய்ந்தால் கழுத்து நொந்தது. ஒரே மாதத்தில் அந்த அம்மாள் பாதியாகிப் போனாள்.

குஷன்காரர் முதலாளியிடம் கேட்டு, ஒதுக்கிப் போட்டிருந்த சிப்பி நாற்காலியின் சட்டம் ஒன்றை வாங்கிவந்தார். புது மாடல் என்றால், பெட்டியில் ஈரமணலை நிரப்பி, ஆளை உட்காரவைத்து, பதிந்த பள்ளத்தை அளந்துதான் ஃபோமை வெட்டுவார். மனைவியையும் அப்படியே உட்காரவைத்தார். அவளோ போட்டோவுக்கு உட்கார்ந்தவள் போல முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

நாற்காலி தயாரானது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இது நாற்காலியா, நத்தையா? அக்காவுக்கு வந்த யோகத்தைப் பாரு!" என்றாள். மனைவி தினமும் காலையில், "நல்லாத் தூங்கினேங்க" என்றாள். கண்ணுக்குக் கீழே கருப்பு மட்டும் குறையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஆனால் மனிதர் நம்பினார். தன் கைவேலை மேல் அவ்வளவு பெருமை அவருக்கு.

பதினைந்தாம் நாள் காலை, துவைப்பதற்காக உறையைக் கழற்றினார். கை அப்படியே நின்றது. முதுகுப்பக்கத்து ஃபோம் வெட்டிய அன்றிருந்தபடியே புதுசாக இருந்தது. முன்விளிம்பு மட்டும் அமுங்கிக் கிடந்தது. யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்று ஃபோமைப் பார்த்தே சொல்கிறவர் அவர்.

"ஒரு நாளாவது இதுல சாஞ்சியா நீ?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "சாஞ்சா மூச்சு முட்டுதுங்க. முன்னால குனிஞ்சாத்தான் கொஞ்சம் வருது. நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சீங்க... எப்படிச் சொல்றது?"

"அடிப்பாவி! என் மனசு நோகக் கூடாதுன்னு உன் உசிரையா பணயம் வைப்ப?"

கத்தி முடித்ததும் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அன்றே மறுபடி மணலைக் கொட்டினார். இந்தமுறை அவளுக்கு முன்னால், நெஞ்சு உயரத்துக்கு. "யாருக்காகவும் நிமிராதே. மூச்சு எப்படி வருதோ அப்படி உட்காரு" என்றார். அவள் மணற்குவியலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்தாள். அந்தப் பதிவை அவர் மூன்று தரம் அளந்தார்.

பட்டறையில் உருவான புது நாற்காலியை முதலாளி சுற்றிச் சுற்றி வந்தார். "என்னய்யா இது, முன் எது, பின் எதுன்னே தெரியலையே!"

"அவளுக்குத் தெரியுங்க" என்றார் குஷன்காரர்.

ஒரு மதியம் அதை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அவள் கட்டிக்கொண்டு குனிந்தாள். கால் மணி நேரத்தில் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டைக்காக இருபது வருடம் அவளைக் கிண்டல் பண்ணியவர் அவர். சத்தமில்லாமல் எழுந்துபோய், பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவள் ஐந்து மாதம் இருந்தாள். ஐந்து மாதமும் தூங்கினாள்.