ஆர்லிஸும் தபால்காரர் வில்லைகளும்

டுலூத் நகரத்தில் தபால் பை தூக்கிய பெண்களில் ஆர்லிஸ் ஹாவ்கனைப் போலப் பித்துப் பிடித்தவள் வேறு யாரும் கிடையாது. பித்து சீட்டாட்டத்தின் மேலோ நகையின் மேலோ இல்லை. பழைய தபால்காரர்கள் தொப்பியில் குத்தியிருந்த பித்தளை வில்லைகள் மேல். நம்பர் போட்ட வில்லை, சட்டையில் குத்துகிற சங்கத்துப் பின், ஓய்வு பெறும்போது தருகிற பின், எது கண்ணில் பட்டாலும் அவளுக்குக் கை பரபரக்கும். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்துக்குப் போக, இவள் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த தகர டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருப்பாள். புருஷன் வெண்டல் காரிலேயே உட்கார்ந்து காபி குடிப்பான்.

"நான் அவளுக்கு ரெண்டாந்தாரம். மூத்தது அந்தப் பித்தளைதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவான்.

சேகரிக்கிற கூட்டமே ஒரு தினுசான கூட்டம். வருஷாந்தரக் கூடுகைக்கு மேல்கோட்டு முழுக்கப் பின்னாகக் குத்திக்கொண்டு தேர் அசைகிற மாதிரி வருவார்கள். ஆர்லிஸ் அதைச் செய்யவே மாட்டாள். வாங்கினதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். எவனோ பனியிலும் நாய்க்கடியிலும் சம்பாதித்ததைத் தன் மார்பில் குத்திக்கொண்டு திரிவது அவளுக்கு ஆகாது. அவள் சட்டையில் இருந்தது ஒன்றே ஒன்று. விபத்தில்லாமல் வண்டி ஓட்டியதற்கு இலாகா ஆண்டுதோறும் தருகிற பின். எத்தனை வருஷம் என்று அதிலேயே எண் இருக்கும். ஓட்டுகிறவர் தப்பால் ஒரு சின்ன உரசல் ஆனாலும் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆர்லிஸின் பின்னில் இருபத்துநாலு இருந்தது. இன்னும் சில வாரத்தில் இருபத்தைந்து. அதில் சிவப்புக் கல் பதித்திருக்கும், விருந்தும் உண்டு. அவள் யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த விருந்துக்கென்று நீலத்தில் ஒரு புதுக் கோட்டு வாங்கி அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள்.

டுலூத்தில் தெருவெல்லாம் ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடக்கும். அதனால் இங்கே தபால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முதல் பாடமே நிறுத்துவதுதான். முன்சக்கரத்தை நடைபாதை ஓரமாகத் திருப்பு, கைப்பிரேக்கை இழு, சாவியை எடு, அப்புறம் காலைத் தரையில் வை. ஆர்லிஸ் தூக்கத்தில்கூடப் பிரேக்கை இழுக்கிறாள், தன் போர்வைதான் கையோடு போகிறது என்று வெண்டல் புலம்புவான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை. அந்த அக்டோபர் மாதம் ஒருநாள் பகலில், மேட்டுத் தெருவில் தனியாகக் குடியிருந்த ஐனார் சோலிட் என்ற கிழவர் இவள் வண்டியைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினார். விரலிடுக்கில் என்னவோ மின்னியது.

"ஆர்லிஸ், பரண்ல கெடந்துச்சு. எங்கப்பா தொப்பியில குத்தியிருந்தது. ஏழாம் நம்பர்."

ஏழாம் நம்பர்! இந்த ஊரின் ஆதி வில்லைகளில் ஒற்றை இலக்கத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நிறுத்தினாள், குதித்தாள், ஓடினாள். வில்லையைத் திருப்பி, அசல்தானா, ஊசி பிற்பாடு பற்றவைத்ததா என்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கிறீச்சென்று சத்தம் கேட்டது. ஆளில்லாத தபால் வண்டி, அவசரமே இல்லாமல் சரிவில் உருண்டு, நடைபாதையில் ஏறி, கிழவரின் வேலியைச் சாய்த்துவிட்டு ஆப்பிள் மரத்தில் முட்டி நின்றது. வண்டிக்கு ஒரு கீறல், வேலிக்கு இரண்டு பலகை. அவ்வளவுதான் சேதம்.

"இதுக்கா இப்படி வெளிறிப் போற? எப்பவோ விழுந்திருக்க வேண்டிய வேலி. சாயங்காலமே நான் ஆணி அடிச்சிடுறேன். பாத்தது நீ, நான், அந்த அணில். அணில் யார்கிட்டயும் சொல்லாது" என்றார் ஐனார்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கீழ்வீட்டுப் பொண்ணு இந்த நேரத்துக்குத்தான் கைக்கொழந்தைய வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வருவா, பெரியவரே. இந்த நடைபாதையிலதான்."

கிழவர் நடைபாதையில் விழுந்து கிடந்த பலகைகளை எடுத்து ஓரமாகப் போட்டார்.

தபால் நிலையத்துக்குத் திரும்பியதும் நேரே மேற்பார்வையாளர் டெல்மர் புரூசாக்கிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டெல்மர் நல்ல மனுஷன், அதுதான் சங்கடமே. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"கைப்பிரேக் தேஞ்சு போச்சுன்னு எழுதிடலாம். வண்டிக் கோளாறுன்னா உன் கணக்குல ஏறாது."

"தேயறதுக்கு அதை இழுத்திருக்கணும், டெல்மர். நான் இழுக்கவே இல்ல."

"இன்னும் கொஞ்ச வாரந்தானே. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா நீ?"

"மெக்கானிக் என்ன பாவம் பண்ணினான்? நல்ல பிரேக்கக் கழட்டிப் போட்டுட்டு ராத்திரி பகலா முழிச்சிக்கிட்டு நிப்பான்."

சொல்லிக்கொண்டே சட்டையிலிருந்த இருபத்துநாலைக் கழற்றி அவன் மேஜைமேல் வைத்தாள். முழுப் பூசணிக்காயை மறைக்க இரண்டு பேர் ஆளுக்கொரு தட்டுச் சோறோடு நின்றும் வேண்டாம் என்று சொன்னவளை நான் இவளைத் தவிரப் பார்த்ததில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது ஒரு ரகம். வாய் வரை வந்ததை எடுத்துக் கீழே வைக்கிறவள் வேறு ரகம். அதற்காக அவள் கல்லால் செய்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு ஆறிப் போகிற வரைக்கும் அழுதாள். வெண்டல் அன்றைக்கு ஒரு கேலிகூடச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய்க் கிழவரின் வேலியைச் செப்பனிட்டார்கள். அப்போதுதான் ஏழாம் நம்பரை அவர் அவள் கையில் திணித்தார். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அந்தப் பின்னைக் கொடுக்கிற நாள் வந்தது. டெல்மர் அவளைத் தனியே அழைத்து, ஒன்று என்று எண் போட்ட பின்னைக் காகித உறையில் வைத்து நீட்டினான்.

"இங்கேயே வாங்கிக்கயேன், ஆர்லிஸ். வெளிய எல்லார் முன்னாடியும் எதுக்கு?"

"மத்தவங்களுக்கு எங்க குடுக்கிறியோ அங்கயே எனக்கும் குடு."

புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற ஒருத்தன் அவள் நரைமுடியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் புதுசா?" என்றான்.

"ஆமா. வண்டிய நிறுத்தக் கத்துக்கிட்டு ஒரு வருஷந்தான் ஆகுது" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் கூடுகை வந்தது. ஆர்லிஸ் அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தன் மேஜைக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடிப் பெட்டியில் ஏழாம் நம்பரைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம். ஃபார்கோவிலிருந்து வந்திருந்த வியாபாரி ஆர்வில் ட்வெட், உடம்பெல்லாம் பின் கலகலக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முதலில் வில்லையைப் பார்த்தான், அப்புறம் அவள் கோட்டைப் பார்த்தான்.

"பெட்டியில இவ்வளவு வெச்சுக்கிட்டு இந்த ஒரு வருஷத்துத் தகரத்தையா குத்திக்கிட்டு நிக்கிறே? பாக்க எனக்கே கூச்சமா இருக்கு. சிவப்புக் கல்லு வெச்ச இருபத்தஞ்சு என்கிட்ட இருக்கு, எடுத்துக் குத்திக்கோ. அந்த ஏழாம் நம்பர இந்தப் பக்கம் தள்ளு."

ஆர்லிஸ் குனிந்து தன் பின்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு என் பெட்டியிலயே ஆறு கெடக்கு, ஆர்வில். ஆறும் யார் யாரோ ஓட்டி வாங்கினது. இது நான் ஓட்டினது."