அம்மனோடு வந்த மண்

ஈப்போவில் கடல் கிடையாது. துறைமுகம் மட்டும் உண்டு. கப்பலில் வரும் கொள்கலன்களை ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். அப்பா அங்கே சரக்கு விடுவிக்கும் குமாஸ்தா. எடைமேடை, பாரந்தூக்கி, குளிர்பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வரிசை, பூச்சிமருந்துப் புகை போடும் கொட்டகை என்று சரக்குக்கு வேண்டிய சகல வசதியும் இருந்தது. மனிதன் உட்கார ஒரு மரநிழல் இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் அம்மன் அங்கே வந்து இறங்கினாள். கோப்பெங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது கோயிலும் போய்விட்டது. புதுக் கோயிலுக்குப் பெரியப்பா தலைவர். சிலையைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தவர் அவர். அதை விடுவிக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. போடும் முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தே கேட்டார்.

"அண்ணே, பெட்டியில மண்ணு, வெத, வைக்கோல் எதுவும் இல்லையே? இருந்தா விட மாட்டாங்க."

"ஒன்னும் இல்லலா. நீ போடு."

அப்பா குளிக்கப் போனதும் பெரியப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துச் சிலையோடு வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். பிடிமண் இல்லாத கோயிலில் சாமி வந்து உட்காராதாம். "தம்பிகிட்ட மூச்சு விட்டுறாதம்மா" என்றார். அம்மா தலையாட்டினாள். எனக்கோ பிறந்தநாளுக்கு ஒளித்துவைத்த கேக்கைக் கண்டுபிடித்துவிட்டது போல இருந்தது. தெரிந்தால் அப்பா எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மனைக் கன்னிப்பெண் வரவேற்க வேண்டும் என்று குங்குமச் சிமிழோடு என்னையும் கூட்டிப் போனார்கள். சோதனைக் கொட்டகையில் பெட்டியைப் பிரித்தார்கள். சிலையின் காலடியில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. இது என்ன என்று அதிகாரி மலாயில் கேட்க, மஞ்சள்தூள் என்றார் பெரியப்பா.

எனக்குப் பொறுக்குமா? பள்ளிக்கூட மலாயில் உரக்கச் சொன்னேன்: மஞ்சள் இல்லை, மண், எங்கள் பாட்டன் ஊர் மண். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அதிகாரி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு "பாகுஸ்" என்று என்னை மெச்சினார். பிறகு, யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார். பெரியப்பா அம்மனைக் கும்பிட்டபடியே, தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தம்பி பார்த்ததுதான் என்றார். அப்பா தன் அண்ணனை ஒரு தடவை பார்த்தார். ஆமாம், நான்தான் என்றார்.

மண்ணைப் பறித்துக்கொண்டு அம்மனை விட்டார்கள். அப்பாவின் கழுத்தில் தொங்கிய நுழைவு அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் குனோங் ராபாட்டில் ஒரு கடைவாசலில் காவலுக்கு நின்றார். பெரியப்பா கும்பாபிஷேகத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டார். கல்வெட்டிலும் அவர் பெயர்தான். அம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் அன்றைக்குப் பெரியப்பா மீது எனக்குத் துளிக் கோபமில்லை. அப்பா ஏன் பொய் சொன்னார்? மண் வைத்தது அவர் இல்லையே. என்னை மெச்சிய அதிகாரியின் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று பொருமினேன். வீடு திரும்ப மோட்டார்சைக்கிளில் ஏறியதும் அவர் இடுப்பைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவைப் பிடிச்சுக்க, பாப்பா. விழுந்துருவ" என்றார்.

நான் பிடிக்கவில்லை.