தண்ணீர் ஊற்றாமல் வழியனுப்பியவர்கள்

ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் எர்லாங்கனிலிருந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையம் ஏறக்குறைய நானூற்று முப்பது கிலோமீற்றர். பாதையில் வேலை நடக்காவிட்டால் ஐந்து மணித்தியால ஓட்டம். தொண்ணூறுகளில் கிழக்குப் பக்கம் போகும் அந்த நெடுஞ்சாலையில் வேலை நடக்காத நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் தொண்ணூற்றாறு ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கே கோயில் முற்றத்தில் வானைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

அது எங்கள் பங்குக் கோயிலின் ஒன்பது இருக்கை வான். வழமையாக ஓட்டுகிறவருக்கு முதுகுப் பிடிப்பு. பூசை முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற என்னைப் பாதர் பிடித்துக்கொண்டார். ஏலாது என்று சொல்ல எனக்கு வராது. என் மனைவி மேரி இதை ஒரு வியாதி என்றே சொல்வாள். ஆனாலும் அவள்தான் எழும்பி முப்பது றோல்ஸ் பொரித்துத் தந்தாள்.

"பிள்ளையளுக்கு உறைப்பு ஆகாது, மிளகாய் போடேல்லை. பிறகு உப்புச் சப்பில்லை எண்டு சொல்லாதேங்கோ" என்றாள்.

பிள்ளைகள் என்றது ஆர்மீனியப் பிள்ளைகளை. எங்கள் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஆர்மீனியர்கள் பூசை வைப்பார்கள். பெய்ரூத்திலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஆர்மீனியாவை நேரில் கண்டவர்கள் அவர்களில் குறைவு. ஆனால் எண்பத்தெட்டில் அங்கே நடந்த நிலநடுக்கத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளையின் உள்ளூர்க் கிளையை இவர்கள்தான் நடத்தினார்கள். வருடம் முழுக்க உடுப்பும் மருந்தும் அனுப்புவார்கள். கோடையில் ஒரு மாதம் ஆறு பிள்ளைகளை வரவழைத்துத் தங்கள் வீடுகளில் வைத்திருப்பார்கள். அந்த ஆறு பேரையும் மாஸ்கோ வழியாகப் போகும் விமானத்தில் ஏற்றிவிடுவதுதான் அன்றைய பயணம்.

முற்றத்தில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் நின்றன. கட்டிப்பிடிப்பதும் மூக்கைச் சிந்துவதுமாக இருந்தது. ஒரு வயதான அம்மா கண்ணாடிக் கூஜாவில் தண்ணீரோடு வந்தார். கிளையின் தலைவர் ஹாகோப் குறுக்கே போய்க் கூஜாவை வாங்கி, நன்றி சொல்லி, அதில் பாதியைத் தானே குடித்துவிட்டார். அந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றார். விடியவே இவ்வளவு தாகமா என்று நினைத்துக்கொண்டு நான் வானை எடுத்தேன்.

ஹாகோப் ட்ராம் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர். முன்னிருக்கையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வழிகாட்டி வந்தார். பின்னால் ஆறு பிள்ளைகளோடு ஷூஷான். இஸ்தான்புல்காரி, உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவர், தனி ஆள். அவரை ஒட்டிக்கொண்டு நாரே என்ற பத்து வயதுப் பெண் இருந்தாள். அந்த ஒரு மாதமும் அவள் ஷூஷான் வீட்டில்தான் இருந்தாள். ஷூஷான் தைத்துக் கொடுத்த மஞ்சள் மேலங்கியை அந்த வெக்கையிலும் அவள் கழற்றவில்லை. நாங்கள் மூவரும் பேசியது டொச், அதாவது ஜேர்மன் மொழி. அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். ஹாகோப்பை நான் மனதுக்குள் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன்.

ஏழரை மணிக்கு இரண்டு ஜேர்மனிக்கும் நடுவே இருந்த பழைய எல்லையைக் கடந்தோம். காவல் கோபுரம் ஒன்று மட்டும் புல்லுக்குள் நின்றது. அதற்கப்பால் பழைய கொங்கிரீற் பாதை டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிச் சிரித்தார்கள். நாரே சிரிக்கவில்லை. ஷூஷானிடம் ஆர்மீனிய மொழியில் ஏதோ கேட்டாள். ஷூஷான் அவளின் மேலங்கிப் பொத்தானைச் சரிசெய்தார். ஹாகோப் திரும்பி ஏதோ சொன்னார். அவள் ஒரே ஒரு வசனம் பதில் சொன்னாள். ஹாகோப் வரைபடத்துக்குள் குனிந்துகொண்டார்.

ஹெர்ம்ஸ்டோர்ஃப் தரிப்பிடத்தில் கோப்பிக்கு நிறுத்தினோம். கோப்பை இரண்டு மார்க் எண்பது, அந்த விலைக்கு அது கோப்பியாகவும் இருந்திருக்கலாம். ஹாகோப்புக்கு ஒரு பழக்கம். கண்ணாடி மூக்கை அழுத்துகிறது என்று, வான் நின்றதும் கழற்றி வரைபடத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். அது இல்லாமல் பத்தடிக்கு அப்பால் அவருக்கு எல்லாம் புகைதான். கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவர், எங்கள் வானை விட்டுவிட்டு அங்கே நின்ற ஒரு பேக்கரிப் பாண் வண்டியின் கதவை இழுத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளை என்ன கேட்டது?" என்றேன்.

அவர் கோப்பையை வானின் மூக்கில் வைத்தார். "எங்கட ஆக்களிட்டை ஒரு வழக்கம் இருக்குது. ஆரும் பயணம் போகேக்கை பின்னாலை தண்ணி ஊத்துவம். ஊத்தினால் போனவர் திரும்பி வருவார் எண்டு நம்பிக்கை. இந்த முறை நான் அதை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"போன வருசம் ஆர்த்தூர் எண்டொரு பெடியன் வந்தவன். அவன் போகேக்கை தண்ணி ஊத்தினது நான்தான். ஆர்மீனியாவிலை, கியூம்ரியிலை இருக்கிற பிள்ளையள் இல்லத்திலை அவன் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் படலைக்கு ஓடுறானாம். தன்னைக் கூப்பிட ஆள் வருகுதாம். ஒரு பிள்ளையை இரண்டாந்தரம் கூப்பிட எங்களுக்கு ஏலாது. இன்னும் ஒருக்காலும் வராத பிள்ளையள் எத்தினை பேர் அங்கை இருக்கினம். திரும்பி வர ஏலாத பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறது பொய்யெல்லோ?"

"அது நியாயந்தானே?"

"நியாயம்தான்" என்றார். "ஏன் தண்ணி ஊத்தேல்லை எண்டு நாரே கேட்டாள். ஜேர்மனியிலை ரோட்டிலை தண்ணி ஊத்த விடமாட்டினம் எண்டு சொன்னன். அதுக்கு அவள், 'ஆர்த்தூருக்கு ஊத்தினீங்கள், அவன் எனக்குச் சொன்னவன். அப்ப ஆர்த்தூர் திரும்பி வரலாம், நான்தான் வரக்கூடாது' எண்டு சொல்லிப்போட்டாள்."

கூஜாவில் பாதியை அவர் குடித்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று செய்தது இன்னொரு பிள்ளையின் மனதை முறித்துவிட்டது. யாரைக் குறை சொல்வது?

ஷூஷான் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது.

"விமான நிலையத்திலை எண்டாலும் ஊத்துறன்" என்றார்.

"ஊத்தினால் அது வாக்கு, ஷூஷான். கூப்பிட ஏலுமோ உம்மாலை?"

"ஏலாது. ஆனால் தன்னை வேண்டாம் எண்டு அனுப்பினவை எண்டெல்லோ அந்தப் பிள்ளை நினைக்குது."

"ஆர்த்தூரை யோசிச்சுப் பாரும்" என்றார் ஹாகோப். ஷூஷான் போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டார். வாதாடியிருக்கலாம். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். மற்றவர்களின் வழக்கத்தில் எனக்கென்ன கதை என்று சும்மா நின்றேன்.

பத்து மணிக்கு ஹாலே நகருக்குத் திரும்பும் பலகை வந்தது. ஏறக்குறைய முன்னூறு வருடத்துக்கு முன் பாதிரிமார் அனுப்பிய தமிழ்க் கடிதங்களும் ஏடுகளும் அங்கே ஒரு பழைய தரும நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒருநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றும் பலகையைப் பார்த்தபடி கடந்துபோனேன். மேரியின் றோல்ஸ் ஒருமாதிரி முடிந்தது. நாரே தன் பங்கைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

வேலை நடந்த இடங்களில் ஊர்ந்து ஊர்ந்து, பன்னிரண்டு மணி தாண்டி ஷோனெஃபெல்டுக்குள் நுழைந்தோம். எண்பத்தைந்தில் நான் வந்து இறங்கியதும் இதே இடம்தான். அப்போது ஓடுகிற அவசரத்தில் இந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்றே நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். தாழ்ந்த கூரை, மங்கிய வெளிச்சம், தரைமெழுகின் மணம்.

பிள்ளைகளோடு பறக்கவேண்டிய ஆசிரியை உள்ளே காத்திருந்தார். நேரம் இல்லை. பெட்டிகள் போயின. ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். ஷூஷான் கட்டிப்பிடிக்க நாரே இடம்கொடுத்தாள். ஆனால் அவள் கை இரண்டும் கீழேயே தொங்கின. றோல்ஸ் பொதியை ஷூஷானின் கையில் வைத்து, நன்றாகப் பழகிய டொச்சில், "எல்லாத்துக்கும் நன்றி" என்றாள். விருந்தாளி வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல இருந்தது. ஷூஷானின் கை பைக்குள் போயிற்று. ஹாகோப்பைப் பார்த்தார். ஹாகோப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டு நிமிடம் அப்படியே நின்றோம். பிறகு ஷூஷான் ஓடத் தொடங்கினார். பார்வையாளர் மாடத்துக்கு ஆளுக்கு மூன்று மார்க். மூன்று பேருக்கும் நானே கொடுத்துவிட்டுப் படியேறி ஓடினேன். ஹாகோப் என் தோளைப் பிடித்தபடி மூச்சுவாங்க வந்தார்.

கீழே பிள்ளைகள் விமானத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மஞ்சள் மேலங்கி கடைசியில். ஷூஷான் பெயரைச் சொல்லிக் கத்தினார். இயந்திரச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? போத்தலைத் திறந்து கம்பிக்கு மேலால் ஊற்றினார். காஸ் தண்ணீர், நுரைத்துக்கொண்டு விழுந்தது. ஊற்றும்போது அழுத அழுகையில் அவருக்குக் கண் தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்தது. நாரே படியில் ஏறினாள். உச்சியில் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். குனிந்து உள்ளே போனாள். அவ்வளவுதான்.

"திரும்பிப் பாத்தவளோ?" என்று ஷூஷான் கேட்டார்.

நான் விமானத்தின் கதவையே பார்த்தேன். 

"ஓம்" என்றார் ஹாகோப். "படியின்ரை உச்சியிலை நிண்டு திரும்பிப் பாத்தவள்."

"தண்ணியைக் கண்டவளோ?"

"கண்டவள். கையும் காட்டினவள். நான் பாத்தனான்."

ஷூஷான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெறும் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்தோம். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வழியனுப்ப ஒருவரும் இல்லை. சொல்லிக்கொண்டு போகிற காலமில்லை அது. அது ஒரு பெரிய குறையென்று பத்துப் பதினொரு வருடமாக நினைத்திருந்தேன். வாசலில் ஆட்கள் நிறைந்து நின்றும், ஒரு கை தண்ணீர் இல்லாமல் போகிற பிள்ளையைக் கண்ட பிறகு, என்னுடையது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை.

வானின் கதவைத் திறந்தேன். முன்னால், விரித்த வரைபடத்தின் மேல், ஹாகோப்பின் கண்ணாடி இருந்தது.

நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். ஷூஷான்தான் கையை நீட்டி எடுத்தார். சட்டை விளிம்பால் இரண்டு வில்லையையும் துடைத்து, ஹாகோப்பின் கையைப் பிடித்து அதில் வைத்தார். ஹாகோப் போட்டுக்கொண்டார். எர்லாங்கன் வரும்வரை அவர் ஒரு பலகையையும் வாசித்துச் சொல்லவில்லை. எனக்கும் வழி தெரிந்துதான் இருந்தது.